நஷ்வாவின் ஒற்றைக் குறி

என் அண்ணி நஷ்வா எதையும் யாருக்கும் இரண்டாவது தடவை விளக்க மாட்டார். ஒரு தடவை சொல்வார். புரிந்ததா என்று கேட்க மாட்டார். புரியவில்லை என்று நீங்களாகச் சொன்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிக்கொள்வார். எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் இதைத் திமிர் என்றுதான் நினைத்தோம். இத்தனை வருஷம் கழித்தும் திமிர்தான் என்கிறாள் என் அம்மா. நான் பாதி ஒத்துக்கொள்கிறேன்.

அண்ணன் மஹ்ரூஸ் இதற்கு நேரெதிர். ஒரு போல்ட்டை முறுக்குவதென்றாலும் அதன் பூர்வீகத்தைச் சொல்லிவிட்டுத்தான் முறுக்குவான். அலெக்ஸாந்திரியாவின் மேற்கு ஓரத்தில், கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது எங்கள் ஸம்மாகீன் குடியிருப்பு. மழைத் தண்ணீரையும் சாக்கடையையும் இறைத்துக் கடலுக்குத் தள்ளினால்தான் நாங்கள் அங்கே குடியிருக்க முடியும். அந்த நீரேற்று நிலையத்தில் அண்ணன் மெக்கானிக், நான் கட்டுப்பாட்டு அறை ஆபரேட்டர். நிலையத்தைக் கணினியோடு இணைக்க வந்தவர்தான் நஷ்வா. தமன்ஹூரில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகள், நிரல் எழுதுவது தொழில். அவர் மேஜைக்கு அடியில் ஒயர் தேடியபோது அண்ணன் டார்ச் பிடித்தான். வேலை முடிந்த பிறகும் அவன் அந்த டார்ச்சைக் கீழே வைக்கவில்லை. "கிரீஸ் கைக்காரனுக்கா என் பொண்ணு?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய், அவருடைய அப்பா கல்யாணத்துக்கு அரை மனதோடு வந்து சேர்ந்தார்.

நிச்சயதார்த்தத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கேக் வெட்டும் நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. எங்கள் ஊரில் இது புதிதல்ல. யாரோ ஃபோன் வெளிச்சத்தைத் திருப்பினால், மாப்பிள்ளை கேக் வெட்டும் கத்தியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிலைபோல் நிற்கிறான். அது அவன் தொழில் பழக்கம். கடல் ஊருக்குள் ஏறாமல் தடுக்கும் மதகை மோட்டார் இறக்கும். மோட்டார் ஓடாவிட்டால் ஒரு இரும்புக் கைப்பிடியை மாட்டிக் கையால் சுற்றி இறக்க வேண்டும். அப்படிச் சுற்றிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் மோட்டார் சட்டென்று உதறி எழும். கைப்பிடி விசிறிபோல் சுழலும். அண்ணனுக்கு முன்பிருந்த மெக்கானிக்கின் இரண்டு கைகளும் அப்படித்தான் போயின. அதிலிருந்து எங்கள் நிலையத்தில் விளக்கு அணைந்தால் கைப்பிடியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. கத்தியோடு நின்ற மாப்பிள்ளையைப் பார்த்து நஷ்வா வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வடிகால் கடலில் சேரும் இடத்தில் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு மதகுகள் உண்டு. உள் மதகு நிலையத்தின் காலடியில், வெளி மதகு கல் கரையின் நுனியில். கடல் பொங்கும்போது இரண்டையும் மூட வேண்டும். ஒன்று மூடினாலே தண்ணீர் நிற்கும், இன்னொன்று துணைக்கு. அண்ணி எழுதிய நிரலில் அந்த வரியை ஒருநாள் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். 'உள் மதகை மூடு', 'வெளி மதகை மூடு' என்ற இரண்டுக்கும் நடுவே, 'இதுவும் அதுவும்' என்று இணைக்கும் குறியாக ஒரே ஒரு & இருந்தது.

"அண்ணி, மத்த இடத்துல எல்லாம் ரெண்டு ரெண்டா போட்டிருக்கீங்க. இங்க ஒண்ணுதான் இருக்கு. மறந்துட்டீங்களா?"

அன்று அவர் நல்ல மனநிலையில் இருந்திருக்க வேண்டும்.

"ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு மாமாவும் சம்மதிக்கணும். கேட்டுட்டு வான்னு உன்னை அனுப்புறேன்னு வச்சுக்கோ. ரெட்டைக் குறி சோம்பேறி. முதல் மாமா முடியாதுன்னுட்டா, இனி ரெண்டாவது ஆளைக் கேட்டு என்ன ஆகப்போகுதுன்னு பாதியிலேயே திரும்பிடும். ஒத்தைக் குறி ரெண்டு வீட்டுக் கதவையும் தட்டிட்டுத்தான் வரும். மதகு விஷயத்துல எனக்கு ரெண்டு கதவும் தட்டியாகணும்."

"அப்போ எல்லா இடத்துலயும் ஒத்தையே போட்டுடலாமே?"

"போடக் கூடாது. பம்பு ஓடுதான்னு முதல்ல கேக்கணும், ஓடினாத்தான் வேகத்தைக் கேக்கணும். ஓடாத பம்புகிட்ட வேகம் கேட்டா அது ஏதாவது உளறும். அங்க சோம்பேறிதான் வேணும்."

எனக்கு ருசி கண்டுவிட்டது. இன்னொரு இடத்தைக் காட்டினேன். ஒவ்வொரு மதகிலிருந்தும் ஓர் எண் வரும். அதற்குள் வரிசையாக எட்டு விளக்குகள். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போகும் மதிப்பு ஒவ்வொன்றுக்கும். எரிகிற விளக்குகளைக் கூட்டினால் அந்த எண். நான்காவது விளக்குக்கு மதிப்பு எட்டு. கைப்பிடி மாட்டியிருந்தால் அது எரியும். அது எரிகிறதா என்று பார்க்கும் வரியிலும் ஒற்றைக் குறிதான் இருந்தது.

"எட்டு மாடிக் கட்டடம். நாலாவது மாடியில ஆள் இருக்கான்னு தெரியணும். ஒத்தைக் குறி மாடி மாடியா பார்த்து, நாலாவது மாடி விளக்கு எரியுதான்னு மட்டும் சொல்லும். ரெட்டைக் குறி தெருவுல நின்னு அண்ணாந்து பார்க்கும். எங்கயாவது ஒரு விளக்கு எரிஞ்சா போதும், ஆமா ஆள் இருக்குன்னு போயிடும்."

"இதை மேல ஒரு வரி எழுதி வைங்களேன், நாளைக்கு யாராவது..."

"எழுதினவளுக்குத் தெரியும். போதும்."

அந்த 'போதும்' எங்களுக்கு எங்கே கொண்டுபோய் விட்டது என்று இனிமேல் சொல்கிறேன்.

நவம்பரில் அண்ணி தன் அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக தமன்ஹூர் போனார். அந்த இடைவெளியில் நிலையத்தை நடத்தும் கூட்டுறவுச் சங்கம் ஹைதம் என்ற புது இன்ஜினியரைப் பிடித்துக்கொண்டு வந்தது. 'பாஷ்முஹந்திஸ்', அதாவது தலைமை இன்ஜினியர், என்று பட்டம் சேர்த்துக் கூப்பிட்டால்தான் அவர் காது கேட்கும். வந்தவர் நிரலைத் திறந்து பார்த்து உச்சுக்கொட்டினார்.

"யாருய்யா இதை எழுதினது? பாதி இடத்துல ஒரு குறியை அடிக்கவே மறந்திருக்காங்க! நல்ல வேளை நான் பார்த்தேன்."

ஒற்றைகளை எல்லாம் இரட்டையாக்கினார். கடல் கண்ணாடியாகக் கிடந்த ஒரு நாளில் மூடச் சொல்லிப் பார்த்தார். உள் மதகு மூடியது, வெளி மதகும் மூடியது. கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து திரையில் 'கைப்பிடி மாட்டியிருக்கிறது' என்ற ஆரஞ்சு எச்சரிக்கை ஓயாமல் எரிந்தது. கைப்பிடியோ சுவரில் ஆணியில் தொங்கியது. ஃபோன் பண்ணிக் கேட்டதற்கு, "உப்புக் காத்துல சென்சார் போயிருக்கும்" என்றார் பாஷ்முஹந்திஸ். கண் கூசுகிறது என்று ஷிஃப்ட்காரர் ஒருவர் அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினார். கைப்பிடி மாட்டினால் மோட்டாரைத் தானாகவே தடுக்கும் சாதனத்தை உப்பு தின்று இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. அதனால் அந்த எச்சரிக்கை ஒன்றுதான் எங்களுக்கு மிச்சமிருந்த காவல். அதற்கும் டேப் ஒட்டியாயிற்று.

எங்கள் ஊரில் புயலுக்கெல்லாம் பெயர் உண்டு, தேதியும் உண்டு. டிசம்பர் தொடக்கத்தில் வருவது காசிம். காசிமுக்கு முந்திய நாட்களில் முட்டை சுமந்த மடவை மீன்கள் கடலுக்கு இறங்கும். வடிகால் வாயில்தான் அவை கூட்டமாகத் திரளும். அதனால் அபூ ஷவ்க்கி என்ற கிழவர் வருஷா வருஷம் உள் மதகின் பள்ளத்தில் வலையைக் கட்டிவிடுவார். கட்டக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். சொல்ல வேண்டியவர்கள் வாயில் எல்லாம் மடவைக் கருவாடு இருந்தது.

அந்த வருஷம் காசிம் அந்திப்பொழுதில், மக்ரிப் தொழுகை நேரத்தில் கரையேறினான். அடுத்த அரை மணியில் பொழுது நன்றாக இருட்டிவிட்டது. கடல் அளவுகோல் சிவப்பைத் தாண்டியதும் மூடும் பொத்தானை அழுத்தினேன். உள் மதகு பாதி இறங்கி, வலையின் கயிற்றில் சிக்கித் தொங்கியது. 'மதகுகள் மூடவில்லை' என்று திரை கத்தியது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதே கத்தல். கடல் வடிகாலுக்குள் ஏறிக் குடியிருப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"வெளி மதகும் நகரலையா?" என்றான் அண்ணன்.

"ரெண்டும் நகரலை."

"ரெண்டும் சிக்கியிருக்கு. உள் மதகுப் பள்ளத்துல இப்ப இறங்கினா சுழல்ல போயிடுவேன். வெளி மதகைக் கையால இறக்குறேன்." ஆணியிலிருந்து கைப்பிடியை எடுத்தான்.

"அண்ணே, அலை கரைக்கு மேல அடிக்குது. வேண்டாம்ணே."

"டேய், காசிமுக்கும் எனக்கும் பழைய பழக்கம். அவன் மூணு அலை அடிச்சா ஒரு மூச்சு விடுவான். அந்த மூச்சுல ஓடிடுவேன். அம்மாவை மேல்மாடிக்கு ஏத்தச் சொல்லி வீட்டுல இருக்கிற உன் அண்ணிக்கு ஃபோன் போடு."

போய்விட்டான். அவனுடைய ஃபோன் மேஜையில் சார்ஜில் கிடந்தது. கல் கரை நெடுக இருந்த விளக்குகளின் மங்கல் வெளிச்சத்தில் அவன் உருவம் ஓடுவதும், அலை வந்து மறைப்பதும், மறுபடி தெரிவதுமாக இருந்தது. நுனியிலிருக்கும் மதகுக் கூண்டுக்குப் பின்னால் போனதும் அதுவும் தெரியவில்லை.

அப்போதுதான் அண்ணி உள்ளே வந்தார். மத்தியானம்தான் தமன்ஹூரிலிருந்து திரும்பியிருந்தார். பாவாடை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"உங்க அம்மாவை மேல்மாடியில விட்டுட்டேன். நம்ம வீட்டு ரெண்டாவது படி மூழ்கிடுச்சு. மதகு என்ன ஆச்சு? மஹ்ரூஸ் எங்க?"

சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. என்னை நாற்காலியிலிருந்து தள்ளிவிட்டு உட்கார்ந்தார். மதகுகளின் எண்களைத் திறந்தார். வெளி மதகின் எண் முப்பத்தேழு.

"முப்பத்திரண்டு, நாலு, ஒண்ணு," என்று முணுமுணுத்தார். "தொடர்பு இருக்கு. திறந்திருக்கு. கரண்ட் இருக்கு. சிக்கினா பதினாறு எரியணும். பதினாறு இல்லையே."

"அப்படின்னா?"

"சிக்கலை. ஷஹாத்தா, வெளி மதகு சிக்கவே இல்லை. அதுகிட்ட யாரும் மூடுன்னு சொல்லவே இல்லை!"

நிரலைத் திறந்தார். அந்த வரியில் இரண்டு குறிகள் பல்லை இளித்துக்கொண்டு நின்றன. முதல் மாமா முடியாது என்றதும், இரண்டாவது வீட்டுக்குப் போகாமலே திரும்பியிருக்கிறது சோம்பேறி. நான் எத்தனை தடவை பொத்தானை அழுத்தினாலும் அதேதான் நடந்திருக்கும்.

"எவன் இதைத் தொட்டான்?"

"பாஷ்முஹந்திஸ் ஹைதம்."

அண்ணி ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். ஆசிரியர் வீட்டுப் பெண்ணுக்கு அந்த வார்த்தை தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. வெளி மதகுக்கு மட்டும் தனியாக உத்தரவு அனுப்ப ஒரு வரியைத் தட்டினார். அனுப்பும் விசைமேல் விரல் போனது. அழுத்துமுன் திரையின் மூலையில் ஒட்டியிருந்த டேப்பைக் கிழித்தார். ஆரஞ்சு எரிந்தது.

"அண்ணி, அது ஒரு மாசமா சும்மாவே எரியுது."

"தெரியும். இதுலயும் ரெட்டை போட்டிருப்பான். ஏதோ ஒரு மாடியில விளக்கு எரிஞ்சாலே இது ஆள் இருக்குன்னு சொல்லும். இதை நம்ப முடியாது, எண்ணைத்தான் நம்பணும். முப்பத்தேழுல எட்டு கிடையாது. அவன் இன்னும் மாட்டலை. இப்பவே..."

எண் மாறியது. நாற்பத்தைந்து.

விசைக்கு ஒரு நூல் மேலே அவர் விரல் நின்றது. முப்பத்தேழும் எட்டும் நாற்பத்தைந்து. அண்ணன் கைப்பிடியை மாட்டிவிட்டான். விரல் கீழே இறங்கியிருந்தால் இரும்பு சுழன்று என் அண்ணனின் கைகளை முறித்து அவனைக் கடலில் வீசியிருக்கும். அண்ணி கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கையால சுத்தினா எவ்வளவு நேரம் ஆகும்?"

"முக்கால் மணி நேரத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள கீழ்வீடு எல்லாம் போயிடும். அலை வேற ஏறிட்டே வருது, அவனும்..." ஜன்னலைப் பார்த்தேன். "நான் ஓடிப்போய்ச் சொல்றேன்."

"உனக்கு அலையோட மூச்சு தெரியுமா? உன்னையும் தேடணும். உக்காரு." கண்ணை மூடித் திறந்தார். "கரை விளக்குக்கு சுவிட்ச் தனியா இருக்கா?"

"பேனல்ல இருக்கு. மோட்டார் லைனுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை."

"அணை."

எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் விளங்கியது. விளங்கியதும் கோபம்தான் வந்தது.

"உங்களுக்குப் பைத்தியமா அண்ணி? அந்தக் கரையில வெளிச்சம் இருக்கும்போதே நிக்க முடியாது. இருட்டுல கால் தவறினா?"

"விளக்கு அணைஞ்சா அவன் நகர மாட்டான். கைப்பிடியைக் கழட்டி நெஞ்சோட பிடிச்சிட்டு நிப்பான். கேக் வெட்டும்போதே நின்னவன்டா!"

"அலை அடிக்கும்போது அதை மறந்துட்டான்னா?"

"மறக்கலைன்னா எட்டு அணையும், எனக்குத் தெரியும். மறந்தா எட்டு எரிஞ்சிட்டே இருக்கும். நான் தொட மாட்டேன். அல்லாஹ் மேல ஆணை, தொட மாட்டேன். அணை, ஷஹாத்தா!"

அணைத்தேன். ஜன்னலுக்கு வெளியே கரை இருந்த இடமே இல்லாமல் போயிற்று. இரைச்சல் மட்டும் இருந்தது. திரையில் நாற்பத்தைந்து. ஓர் அலை கூண்டில் மோதிய சத்தம் தரை வழியாக என் காலுக்கு வந்தது. நாற்பத்தைந்து. நான் யா ரப், யா ரப் என்று இறைவனை அழைத்துக்கொண்டே சுவிட்சின் மேலேயே கையை வைத்திருந்தேன், இன்னொரு அலை அடித்தால் விளக்கைப் போட்டுவிடுவது என்று. அண்ணி இமைக்கவில்லை.

"கழட்டு," என்றார் திரையிடம். "கழட்டு மஹ்ரூஸ். கரண்ட் போச்சுடா. கழட்டு."

இரண்டாவது அலை அடித்தது. நாற்பத்தைந்து. என் விரல் சுவிட்சை மேலே தள்ளப் போனது.

முப்பத்தேழு.

அண்ணி விசையை அழுத்தினார். முப்பத்தொன்பது: மோட்டார் ஓடுகிறது. முப்பத்தைந்து: திறந்திருக்கிறது என்ற விளக்கு அணைந்தது, மதகு இறங்குகிறது.

"இப்ப விளக்கைப் போடு. கைப்பிடி மாட்டுற தண்டு சுத்துறதைப் பார்த்தா மறுபடி மாட்ட மாட்டான்."

போட்டேன். கரை திரும்பி வந்தது. அதன்மேல் யாரும் இல்லை. திரையில் தொண்ணூற்றேழு வந்தது. வெளி மதகு முழுக்க மூடிவிட்டது. வடிகாலில் ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. நாங்கள் இரண்டு பேருமே அதைப் பார்க்கவில்லை. வாசலில் நின்று கரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்து அத்தனை வருஷத்தில் அவர் ஒரு துணைக்காக என்னைத் தொட்டது அப்போதுதான்.

கூண்டுக்குப் பின்னாலிருந்து ஓர் உருவம் எழுந்தது. மூன்று அலை பொறுத்தது. பிறகு ஓடி வந்தது. வாசலில் வந்து விழுந்தபோது கைப்பிடி இன்னும் அவன் நெஞ்சோடு இருந்தது.

"இந்த மின்சாரக்காரனுங்க குடும்பமே விளங்காது!" என்று இருமலுக்கு நடுவில் கத்தினான். "சரியா அந்த நேரம் பார்த்தா புடுங்குவானுங்க? கழட்டி முடிச்சு மூச்சு விடல, மோட்டார் உதறிட்டு எழுந்திரிச்சிருச்சு. ஒரு நொடி பிந்தியிருந்தா..." அப்புறம்தான் அண்ணாந்து பார்த்தான். "என்னடா இது, கரை இருட்டினப்பவும் உங்க ஜன்னல்ல மட்டும் வெளிச்சம் இருந்துச்சே?"

அண்ணி அவன் பக்கத்தில் ஈரத் தரையில் உட்கார்ந்தார். அவனுடைய இரண்டு முன்கைகளையும் தடவிப் பார்த்தார், சந்தையில் எதையோ சோதித்து வாங்குகிறவர் மாதிரி. பிறகு அழுதார். அழுதுகொண்டே முதலிலிருந்து எல்லாவற்றையும் விளக்கினார். அண்ணனுக்குப் பாதி புரியவில்லை. மறுபடியும் விளக்கினார்.

மறுநாள் ஹைதம் பளபளக்கும் தோல் ஷூவோடு வந்து, "டெஸ்ட் பண்ணினப்ப ரெண்டும் மூடுச்சே" என்றார். அவரை வடிகாலில் தள்ளியிருப்பேன், அண்ணிதான் கண்ணால் தடுத்தார். கோபத்தை அவர்மேல் காட்டாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு மாமாக்களிடமிருந்து ஆரம்பித்து, ஒற்றை எங்கே, இரட்டை எங்கே என்று சொல்லிக் கொடுத்தார். ஒற்றைகளைத் திரும்ப வைத்து, ஒவ்வொன்றுக்கும் மேலே ஏன் என்று எழுதினார். அபூ ஷவ்க்கி வேறு வந்து, கிழிந்த வலைக்கு யார் பதில் சொல்வது என்று சண்டை பிடித்தார். இந்தத் தடவை அண்ணி என்னைத் தடுக்கவில்லை, அதனால் நான் பதில் சொன்னேன்.

எங்கள் தெருவில் மின்சாரம் இன்னும் போய் வந்துகொண்டுதான் இருக்கிறது. நேற்று எல்லாரும் பீன்ஸ் மசியலும் ரொட்டியுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போயிற்று. என் அம்மா மெழுகுவத்தி ஏற்றினாள். அண்ணன் கரண்டியை நெஞ்சோடு பிடித்தபடி அசையாமல் இருந்தான். முன்பெல்லாம் இதற்கு அண்ணி சிரிப்பார். இப்போது சிரிப்பதில்லை. விளக்கு வரும்வரை அந்தக் கையின்மேல் தன் கையை வைத்துக்கொண்டு இருப்பார்.